நேரில் பார்க்காத டாக்டர் போனில் மருந்து எழுதலாமா? கோத்தகிரி தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கோத்தகிரி பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊர்) இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 64 வயது, பிபியும் சுகரும் உண்டு. கோவையில் ஒரு டாக்டரிடம் காட்டி எட்டு மாதம் ஆகிறது. இந்த மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, மாத்திரையும் தீர்ந்துவிட்டது. மாமா பையன் பெங்களூரில் டாக்டர், அவர் அம்மாவிடம் போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மாத்திரைப் பெயர்களை வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பியிருக்கிறார், கூடவே தூக்கத்துக்கு அல்பிரசோலமும். கடைக்காரர் பிபி மாத்திரை ஒரு அட்டை கொடுத்தார், அல்பிரசோலம் தர மாட்டேன் என்றுவிட்டார். "கடைக்காரர் செய்தது சரியா அண்ணா, நேரில் பார்க்காத டாக்டர் மருந்து எழுதவே கூடாதா?" என்பது கேள்வி.

எழுதலாம். ஆனால் எல்லா மருந்தையும் எழுத முடியாது, நினைத்த வழியிலும் எழுத முடியாது. கடைக்காரர் மறுத்தது முழுக்கச் சரி. சட்டப்படி பார்த்தால் அவர் தவறியது நீங்கள் நன்றி சொன்ன இடத்தில்தான், அந்த பிபி அட்டையைக் கொடுத்ததில். நானும் குன்னூர் பக்கம் பல வருடமாக மருந்துக்கடை நடத்துகிறவன், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அது ஏன் என்று பின்னால் வருகிறேன்.

முதலில் இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் டாக்டர்கள் போனில் மருந்து சொல்ல ஏன் இப்படித் தயங்குகிறார்கள் என்பது புரியாது. 2020 வரைக்கும் நம் நாட்டில் போனில் வைத்தியம் பார்ப்பதற்கென்று தெளிவாக எழுதிய விதி எதுவும் இல்லை. ஊரில் எல்லாரும் செய்துகொண்டுதான் இருந்தார்கள், எஸ்டேட் டாக்டர் போனில் சொல்வார், கம்பவுண்டர் எடுத்துக் கொடுப்பார். 2018 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றம் ரத்னகிரி வழக்கு ஒன்றில் இரண்டு டாக்டர்களுக்கு முன்ஜாமீன் தர மறுத்தது. சிசேரியன் முடிந்து வீட்டுக்குப் போன பெண் மறுபடி உடம்பு முடியாமல் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தார், டாக்டர்கள் அங்கே இல்லை, போனில் சொன்னதை வைத்தே சேர்த்துக்கொண்டு மருந்து கொடுத்தார்கள், அந்தப் பெண் இறந்துபோனார். நோய் என்னவென்று கண்டறியாமல் மருந்து எழுதுவது குற்றத்துக்குரிய அலட்சியம் என்கிற மாதிரி நீதிமன்றம் சொன்னதும், போனை எடுக்கவே டாக்டர்கள் பயந்தார்கள். அப்புறம் கொரோனா வந்தது. ஊரடங்கு ஆரம்பித்த 2020 மார்ச் 25 அன்றே, அந்தத் தேதியிட்டு, தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாகின. மருத்துவர்களின் நடத்தை குறித்த 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் அவற்றைச் சேர்த்துவிட்டார்கள், அதனால் இது வெறும் அறிவுரை இல்லை, மீறினால் தொழில் ஒழுங்கீனம். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது ஒழுங்குமுறை ஒன்றைக் கொண்டுவந்தது, எதிர்ப்பு வந்து அதே மாதத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதனால் பழையதுதான் நம் கணக்கு.

இந்த நெறிமுறை டாக்டர் உங்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்ப்பதில்லை. மாமா பையனாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும், உங்கள் அம்மாவை நோயாளியாக அவர் பார்த்திருக்கிறாரா, எப்போது, எந்த நோய்க்கு என்பது மட்டும்தான் கேள்வி. முதல் தடவை பேசினால் அது முதல் ஆலோசனை. முன்பு காட்டியவரே என்றாலும் ஆறு மாதம் தாண்டிவிட்டால் அதுவும் முதல் ஆலோசனைதான். ஆறு மாதத்துக்குள்ளேயே பேசினாலும், போன தடவை சுகருக்குக் காட்டிவிட்டு இந்தத் தடவை முட்டிவலிக்குக் கேட்டால் அதுவும் முதல் ஆலோசனை. தொடர் ஆலோசனை என்று பெயர் வாங்க வேண்டுமானால் அதே டாக்டர், அதே நோய், நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், இந்த மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். இதில் யாரும் கவனிக்காத ஒரு வரி உண்டு: முந்தைய சிகிச்சை என்ன, என்ன சொன்னோம் என்பது டாக்டருக்கு ஞாபகம் இல்லையென்றால் அது தொடர் ஆலோசனையே ஆகாது. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற டாக்டர் "ஓ, நீங்களா, அதே மாத்திரையைப் போடுங்க" என்று சொன்னால் அவருக்கு உண்மையில் ஞாபகம் இருக்கிறதா என்று யார் கண்டது. அதனால் பழைய மருந்துச் சீட்டை போட்டோ எடுத்து முதலிலேயே அனுப்பிவிடுவது நல்லது.

ஆக, உங்கள் விஷயத்தில் பெங்களூர் டாக்டரும் முதல் ஆலோசனை, எட்டு மாதம் ஆகிவிட்டதால் கோவை டாக்டரும் முதல் ஆலோசனை. இரண்டு பேருக்கும் ஒரே விதி.

அந்த விதி மருந்தை நான்காகப் பிரிக்கிறது. ஓ பட்டியல் என்பது பாராசிட்டமால், ஓஆர்எஸ், துத்தநாக சிரப், இரும்புச்சத்து ஃபோலிக் ஆசிட் மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி, சாதாரண இருமல் சளி மருந்து மாதிரியானவை. இதை முதல் தடவை பேசுகிறவருக்கும், போனில் பேசியோ எழுத்தில் அனுப்பியோ எப்படிக் கேட்டாலும் எழுதலாம். ஏ பட்டியலில் தோலுக்குப் போடும் களிம்பு, கண் சொட்டு, காது சொட்டு, அப்புறம் பிபி, சுகர், ஆஸ்துமா மாதிரி நாள்பட்ட நோய்க்கு ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மாத்திரையைத் தொடர்வது எல்லாம் வரும். இதை முதல் ஆலோசனையில் எழுத வேண்டுமானால் வீடியோவில் முகம் பார்த்துப் பேசியாக வேண்டும், வெறும் குரல் போதாது. தொடர் ஆலோசனை என்றால் வீடியோ கட்டாயம் இல்லை. பி பட்டியல் தொடர் ஆலோசனைக்கு மட்டும், ஏற்கெனவே கொடுத்ததோடு கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பது. சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு சிட்டாகிளிப்டின் சேர்ப்பது மாதிரி. நான்காவது, தடை செய்யப்பட்டவை: மருந்து விதிகளில் கடும் கட்டுப்பாடுள்ள எக்ஸ் அட்டவணையில் இருப்பதும், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் வருவதும். பின்னால் விலக்குக் கொடுத்த ஓரிரு வலிப்பு மருந்துகள் தவிர, இவற்றை நேரில் பார்க்காமல் எழுதவே கூடாது, வீடியோவில் அரைமணி நேரம் பேசினாலும் சரி.

அல்பிரசோலம் அந்தச் சட்டத்தில் மனத்தைப் பாதிக்கும் மருந்துகளின் வரிசையில் இருக்கிறது. வலிக்குக் கொடுக்கும் டிரமடால் 2018இல் அதே சட்டத்துக்குள் வந்துவிட்டது, முதுகுவலிக்கு யாரோ டிரமடால் சாப்பிட்டுப் பழகி "நம்ம டாக்டர் போன்ல சொல்லிட்டாருங்க" என்று வந்து நிற்பது எங்கள் கடையில் புதிதில்லை. இரண்டுமே மருந்து விதிகளின் ஹெச் ஒன் அட்டவணையிலும் உண்டு. ஹெச் ஒன் மருந்தை விற்றால் எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். உங்கள் கடைக்காரர் அந்த நோட்டில் யார் பெயரை எழுதுவார், வாட்ஸ்அப்பில் வந்த நாலு வரியை எங்கே ஒட்டுவார்? பிடிவாதம் இல்லை தம்பி அது, உரிமம் போய்விடும்.

ஆன்டிபயாடிக் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதிகம் கேட்பது இதைத்தான். ஓ பட்டியலில் ஆன்டிபயாடிக் எதுவும் இல்லை. அதனால் முன்பின் பார்க்காத டாக்டர் "மூணு நாளைக்கு இதைப் போடுங்க" என்று குரல் அழைப்பில் சொல்வது விதிக்கு வெளியே. குளிர்காலத்தில் நம் ஊரில் தொண்டைவலி வராத வீடு இல்லை, ஒவ்வொரு தொண்டைவலிக்கும் அசித்ரோமைசின் என்று ஆகிவிட்டது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன், திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்தி. வாட்ஸ்அப்பில் சீட்டு வரலாமா என்றால் தாராளமாக வரலாம், நெறிமுறையே அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் வர வேண்டியது கையெழுத்துப் போட்ட சீட்டின் படமோ, ஸ்கேனோ, மின்சீட்டோதான். மருந்துப் பெயரை மட்டும் தட்டி அனுப்பினால் அது தகவல், சீட்டு இல்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65வது விதி சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது: எழுத்தில் இருக்க வேண்டும், டாக்டர் கையெழுத்தும் தேதியும் வேண்டும், நோயாளியின் பெயரும் முகவரியும் வேண்டும், மொத்தம் எத்தனை மாத்திரை, எந்த அளவில் சாப்பிடுவது என்பதும் வேண்டும். மருத்துவக் கவுன்சில் பதிவு எண் சீட்டில் இருக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்கான ஒழுங்குமுறை. மாமா பையன் வீடியோவில் அம்மாவைப் பார்த்துப் பேசி, பழைய சீட்டை வாங்கிப் படித்து, தன் லெட்டர்பேடில் பிபி மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் அனுப்பியிருந்தால், கடைக்காரர் மறுக்க ஒரு காரணமும் இல்லை. பத்து நிமிஷ வேலை. சொந்தக்காரர் என்பதாலேயே அதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள், வெளி ஆளாக இருந்தால் ஒழுங்காக எழுதியிருப்பார்.

பெங்களூரில் இருப்பவர் நீலகிரியில் இருப்பவருக்கு எழுதலாமா என்று இன்னொருவர் கேட்கக்கூடும். எழுதலாம். இந்தியாவில் பதிவு செய்த டாக்டர் இந்தியாவின் எந்த மூலையில் இருப்பவருக்கும் தொலைவிலிருந்து ஆலோசனை சொல்லலாம் என்று நெறிமுறை சொல்கிறது. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இது முக்கியம், அவர்களில் பலர் காட்டுவது சுல்தான் பத்தேரியில், இல்லையென்றால் மைசூரில். கேரளா சீட்டு என்று தமிழ்நாட்டுக் கடையில் மறுத்தால் அது தப்பு, மருந்துச் சட்டம் மத்தியச் சட்டம். ஆனால் அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ இருக்கும் மகன் டாக்டராக இருந்து, இங்கே பதிவு இல்லாமல் இருந்தால், அவர் எழுதுவது இங்கே சீட்டாகாது. எத்தனை பெரிய ஸ்பெஷலிஸ்ட் ஆனாலும் சரி.

அமெரிக்கா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இது ஏதோ நம் ஊர் அரசாங்கத்தின் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் ரயன் ஹெய்ட் என்ற 18 வயதுப் பையன் 2001இல் இறந்துபோனான். தான் முகம்கூடப் பார்க்காத டாக்டர் எழுதிக்கொடுக்க, இணையத்தில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருந்தான். அவன் பெயரிலேயே 2008இல் அங்கே சட்டம் வந்தது, கட்டுப்பாட்டில் உள்ள மருந்தை இணையம் வழியாக எழுத வேண்டுமானால் குறைந்தது ஒரு தடவை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று. கொரோனாவில் அதைத் தளர்த்தினார்கள், தளர்த்தியதைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். அங்கேயும் சண்டை இதே மருந்துகளைச் சுற்றித்தான், பாராசிட்டமாலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அப்படியே ஆப் விஷயத்துக்கும் வந்துவிடுகிறேன். மருந்து ஆர்டர் போட்டால் சீட்டு இல்லையா, பரவாயில்லை, எங்கள் டாக்டர் கூப்பிடுவார் என்கிறது. ஒருவர் கூப்பிடுகிறார், பெயர், வயது, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறார், இரண்டு நிமிஷத்தில் நீங்கள் கூடையில் போட்ட அதே மருந்துக்கு அதே எண்ணிக்கையில் சீட்டு வந்துவிடுகிறது. மேலே சொன்ன விதியை வைத்துப் பாருங்கள்: முதல் ஆலோசனை, குரல் மட்டும். ஓ பட்டியல் தவிர வேறு எதையும் அவர் எழுதக்கூடாது. பிபி மாத்திரைகூட முடியாது. இப்படி ஆன்லைனில் மருந்து விற்பதற்கு 2018 ஆகஸ்டில் வரைவு விதி வந்தது. அதே வருடம் டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி விதி வரும்வரை ஆன்லைன் விற்பனை கூடாது என்றார், அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. மலையில் கடை வைத்திருப்பவன் என்பதால் எனக்கு அவர்கள் மேல் பொறாமை என்று நினைப்பீர்கள், கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு நிமிஷச் சீட்டைப் பற்றிச் சொன்னது பொறாமையில் சொன்னதில்லை.

பழைய சீட்டையே திரும்பத் திரும்பக் காட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே 65வது விதிப்படி, மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் தவிர ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. நடைமுறையில் பிபி சுகர் மாத்திரைக்கு இதை யாரும் அப்படியே பார்ப்பதில்லை, மடித்து மடித்துக் கிழிந்துபோன மூன்று வருடச் சீட்டோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த தடவை கோவை போகும்போது டாக்டரிடம் "மாதத்துக்கு ஒரு தடவை வீதம் ஆறு தடவை கொடுக்கலாம்" என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள், நாம் கேட்பதில்லை. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி கார்த்திகை மழை, கூடலூருக்கு ஆடி மழை, ரோடு எப்போது மூடும் என்பது நமக்குத் தெரியாத ரகசியமா? 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கு முன் இரண்டு மாத மாத்திரையை வாங்கி வைப்பது எந்த விதிக்கும் விரோதமில்லை.

கடைக்காரரை ஏன் குறை சொல்ல மாட்டேன் என்றேனே, அதற்கு வருகிறேன். பிபி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது எல்லா மாத்திரைக்கும் ஒரே மாதிரி இல்லை, அடெனலால் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் நெஞ்சுத்துடிப்பும் அழுத்தமும் எகிறிவிடும், இதய நோய் உள்ளவருக்கு ஆபத்தே வரலாம். ரோடு மூடியிருக்கிறது, முகம் தெரிந்த அம்மா, காலி அட்டை கையில் இருக்கிறது. ஒரு அட்டை கொடுத்து "சீட்டு வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார். சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை, வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சில நாடுகளில் மருந்தாளுநர் அவசரத்துக்கு இப்படிச் சில நாள் மருந்து கொடுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நமக்கு இல்லை.

வீடியோ என்று விதி எளிதாகச் சொல்லிவிட்டது, உங்கள் ஹட்டியில் சிக்னல் எப்படி என்பது அவர்களுக்குத் தெரியாது. மாடியில் ஏறி நின்றால் ஒரு கோடு, இறங்கினால் அதுவும் இல்லை. இதற்கு நல்ல வழி பக்கத்துத் துணை சுகாதார நிலையம் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம்தான். செவிலியர் கூட இருந்து பிபியும் சுகரும் பார்த்துச் சொல்ல, தொலைவில் இருக்கும் டாக்டர் கேட்டு எழுதுவதை நெறிமுறை தனி வகையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது, பொறுப்பு டாக்டருக்கு. அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி அப்படித்தான் ஓடுகிறது. வீட்டிலிருந்தே பேசும் வசதி 2020 ஏப்ரலில் வந்தபோது அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இன்னொரு வழி 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். பிபி, சுகர் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொண்டால் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அரசு மாத்திரை என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. பிபிக்கான அம்லோடிபின் எங்கே வாங்கினாலும் அம்லோடிபின்தான், உறையின் பளபளப்புதான் வேறு. மாத்திரை மாறினால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் பேசுவதாக இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். நோயாளி இல்லாமல் மகன் மட்டும் பேசினால், அவர் சார்பாகப் பேச உங்களுக்கு அனுமதி உண்டு என்பதை டாக்டர் உறுதி செய்துகொள்ள வேண்டும், அது தனித் தலைவலி. நோயாளியே கூப்பிட்டால் சம்மதம் கொடுத்ததாகவே கணக்கு. 16 வயதோ அதற்குக் கீழோ என்றால் பெரியவர் ஒருவர் கூட இருந்தே ஆகவேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் இழுத்துக்கொள்வது, இதற்கெல்லாம் வீடியோவும் கிடையாது ஒன்றும் கிடையாது, 108. அந்த நேரத்தில் தொலைவில் இருக்கும் டாக்டர் செய்யக்கூடியது முதலுதவி சொல்வதும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வதும்தான்.

சரி, நாளைக்குக் காலையில் என்ன செய்வது? கோவை டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வீடியோ ஆலோசனை உண்டா என்று கேளுங்கள், எட்டு மாதம் ஆனது பரவாயில்லை, வீடியோ என்றால் பழைய மாத்திரையைத் தொடர எழுதலாம். அவர்களிடம் அம்மாவின் பழைய ஆவணங்களையும் கேளுங்கள். டாக்டர் மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. அது முடியாவிட்டால் மாமா பையனே வீடியோவில் வந்து முறையாக எழுதட்டும். அதுவும் இல்லையென்றால் கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரி, அங்கே போக மேட்டுப்பாளையம் ரோடு திறக்க வேண்டியதில்லை.

அல்பிரசோலம் மட்டும் வேறு கதை. அம்மா அதை இதுவரை எவ்வளவு நாளாகச் சாப்பிட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக மாமா பையன் சொல்கிறார் என்றால் விட்டுவிடுங்கள், 64 வயதில் அதைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி எழுந்து நடந்தால் தடுமாறி விழும் அபாயம் உண்டு, தூக்கம் வராததற்குக் காரணத்தை நேரில் ஒருவர் பார்க்கட்டும். ஆனால் மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டு இப்போது தீர்ந்துபோயிருந்தால் விஷயம் அவசரம். அதைச் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும், மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். அப்படியானால் கடைக்காரரோடு வாதம் செய்துகொண்டிருக்க வேண்டாம், காலி அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே அரசு ஆஸ்பத்திரியில் நேரில் காட்டுங்கள், எத்தனை மாதம் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு நாள் என்பதை இங்கே எனக்கும் எழுதுங்கள்.